என் கைக்கடிகாரமும் நங்கை பெற்ற பெண்ணும்

"சித்தெ வெளியில நில்லுங்க அம்மணி. இன்னும் போணி ஆகலீங்க."

கோயமுத்தூர்ப் பெரிய கடைவீதியில் கடிகாரக் கடை வைத்திருந்த நாயுடு இதைச் சொன்னபோது என்னுடைய ஒரு கால் அவர் கடைக்குள்ளும் இன்னொரு கால் படியிலும் இருந்தது. உள்ளே இருந்த காலை வெளியே எடுத்தேன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கும்பிடாத குறையாகத்தான் சொன்னார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருந்தாலும் கூட இரண்டு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

நான் வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். பதினான்கு வயதில் கட்டியது. அன்றைய முதல் வியாபாரம் தாலியறுத்தவள் கையால் நடந்தால் பொழுது சாயும்வரை கடை ஈயோட்ட வேண்டியதுதான் என்பது கடைவீதி முழுக்கத் தெரிந்த சாஸ்திரம். எனக்கும் தெரியும். அதனால் எது வாங்குவதாக இருந்தாலும் கடையில் நாலு பேர் வந்துபோன பிறகுதான் போவேன்.

அன்றைக்கு மட்டும் பொறுக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சாணி போட்ட வாசலையே இரண்டாம் முறை கூட்டினேன். காப்பியைக் குடித்தேனா ஊற்றினேனா என்று நினைவில்லை. முந்தின நாள் ஒரு டாக்டர் வீட்டு அம்மாள் நான் காசு சேர்த்துக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கையில் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். அந்த அம்மாளுக்கு முன்னால் நான் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது.

படியில் நின்றபடியே கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இருந்தது.

சுவிஸ் தேசத்தில் செய்தது. தங்க உறை. முகம் கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். கறுப்புத் தோல்வார். ஆனைமலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரைசானி சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று. புதிதாக இருந்தால் விலை கேட்கக்கூட எனக்கு வாய் வந்திருக்காது. அந்தக் கீறல்தான் அதை என் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறக்கி வைத்தது. அப்படியும் மூன்று வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துச் சம்பளம் அண்ணனிடம் போய்விடும். சாயங்காலங்களில் ஒரு மில் முதலாளி வீட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த காசு மட்டும் என் தகரப் பெட்டியில் இருக்கும். அந்த வீட்டுக்கு நான் பஸ் ஏறாமல் நடந்த தூரத்துக்கு மேட்டுப்பாளையம் பல தடவை போய்த் திரும்பியிருக்கலாம்.

படியில் நின்றேன். யாரும் வரவில்லை. கடை முழுக்கக் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டின. பள்ளிக்கூடத்து மணி அடித்துவிடுமே என்று ஒரு பயம், டாக்டர் வீட்டு அம்மாள் வந்துவிடுவாரே என்று ஒரு பயம். வந்தால் அவர்தான் போணி. கையில் வளையலும் நெற்றியில் குங்குமமுமாக வந்து, நாயுடுவுக்கு நாளும் நல்ல நாளாகி, கடிகாரமும் போய்விடும்.

அண்ணன் மாசக் கூலிக்கு அமர்த்தி, என்னைப் பள்ளிக்கூடத்தில் விடக் காத்திருந்த ஜட்கா வண்டிக்கார ராவுத்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சாட்டையைச் செருகி வைத்துவிட்டுக் கடைக்குள் போனார். இருக்கிறதிலேயே கம்மி விலைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நாயுடு தேடிப் பிடித்து டைம்பீஸுக்குச் சாவி கொடுக்கும் திருகு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ராவுத்தர் வீட்டில் டைம்பீஸே கிடையாது. காசைக் கொடுத்தார். நாயுடு அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார்.

"போணி ஆச்சுங்க. உள்ள வாங்க அம்மணி" என்றார் ராவுத்தர், ஏதோ கடை அவருடையது மாதிரி.

அந்தத் திருகைக் குதிரையின் கழுத்து மணியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார் அவர். ரொம்ப நாள் இருந்தது.

நாயுடு கடிகாரத்தை எடுத்து வைத்து, தம்பிக்கா, வேறு யாருக்காவது பரிசா என்று கேட்டார். அது பொம்பளைக் கடிகாரம் என்று அவருக்குத் தெரியாதா என்ன. எனக்குத்தான் என்றேன். அவர் கண் என் வெறுங்கைக்குப் போய்விட்டுத் திரும்பியது. பின்மூடியைத் திறந்து, உள்ளே மயிரிழை போல இருந்த ஒரு சின்ன முள்ளைக் காட்டினார்.

"இதைய இந்தப் பக்கம் தள்ளுனா வெரசா ஓடுமுங்க. அந்தப் பக்கம் தள்ளுனா பின்தங்குமுங்க. நான் நடுவுல வெச்சிருக்கறனுங்க, நீங்க தொட வேண்டாம். ஒரு நிமிசம் பெசகுச்சுன்னாலும் எங்கிட்டக் கொண்டாங்க."

அங்கேயே கட்டிக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றும் ஏறாத மணிக்கட்டு. வார் முதலில் குளிர்ந்தது, பிறகு சூடாயிற்று. ஜட்காவில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

மாடு திரும்பும் நேரம்

ஒரு வாத்தியாரம்மாவுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு, நாலு ரூபாய்க்கு ஒரு டைம்பீஸ் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போதே நிறையப் பேர் கேட்டார்கள்.

நான் பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதிக் கரையில் ஒரு ஊர். அந்த ஊரில் அன்றைக்குக் கடிகாரம் என்று ஒன்று கிடையாது. நான் எப்போது பிறந்தேன் என்று கேட்டால், மாடு திரும்பும் நேரம் என்று அம்மா சொல்லுவார். மாடு ஒரு நாள் சீக்கிரம் திரும்பும், ஒரு நாள் மெதுவாகத் திரும்பும். அதுவா பஞ்சாங்கம் பார்த்துத் திரும்புகிறது?

அந்தச் சாயங்காலம்தான் நட்சத்திரமும் மாறியதாம். பூராடம் போய் உத்திராடம் வருகிற நேரம். பூராடத்தில் பிறந்த பெண்ணுக்குத் தாலி தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அப்பா ஜோசியரிடம், மாடெல்லாம் வந்து கட்டுத்தறியில் கட்டி முடித்தபிறகுதான் குழந்தை பிறந்தது என்று சொன்னார். ஜோசியர் உத்திராடம் என்று எழுதினார்.

பதின்மூன்று வயதில் கல்யாணம். ஒரு வருஷம் முடிவதற்குள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். முகம்கூட எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. எழவு வீட்டில் என் மாமியார் எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பார்த்துச் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"மாட்டோட சேத்திப் பொழுதையும் ஓட்டிப்போட்டீங்களே."

பிறகு நான் அது நிஜமா என்று தனியாகக் கேட்டபோது அப்பா எழுந்துபோய் எருதுகளுக்குத் தண்ணீர் காட்டினார். அடுத்த வருஷம் அவரும் இல்லை. அவர் தெரிந்தே நேரத்தைத் தள்ளிச் சொன்னாரா, அல்லது அவருக்கே சரியாகத் தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. பல வருஷம் இருந்தது. நட்சத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் தலையில் கட்டிய பழிக்குச் சாட்சி ஒரு மாட்டு மந்தைதான் என்பதை நினைத்தால் எரிச்சலாக வரும். நேரம் கேட்டு யாராவது "ஒரு சுமாருக்கு" என்று பதில் சொன்னால் எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதை வைத்தே என்னைக் கேலி செய்வார்கள். பிசகாத கடிகாரம் ஒன்று, அதுவும் சுவரில் இல்லாமல் என் கையிலேயே வேண்டும் என்று நான் அலைந்ததற்கு இதுதான் காரணம்.

சங்கு பார்த்து எழுதிய ஜாதகம்

என்னை மாமியார் வீட்டிலிருந்து மீட்டு வந்தது அண்ணன்தான். அவர் கோயமுத்தூரில் ஒரு பஞ்சு குடோனில் கணக்கராக இருந்தார். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசியும் கேளாமல் என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஆசிரியைப் பயிற்சிவரை படிக்க வைத்தார். வேறு எந்த அண்ணனும் அந்தக் காலத்தில் செய்திருக்க மாட்டார். அதனாலேயே அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் நான் பத்துத் தடவை யோசிப்பேன்.

எங்கள் வீடு சிங்காநல்லூர் போகிற சாலையில். அப்போதுதான் பைக்காரா மின்சாரம் வந்து, சாலையின் இரண்டு பக்கமும் மில் மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மில்லுக்கும் வேலை நேரத்துக்கு ஊதுகிற ஒரு சங்கு. அந்தப் பக்கத்து ஜனங்கள் சோறு வைப்பதும், பால் கறப்பதும், சண்டையை நிறுத்திவிட்டுத் தூங்கப் போவதும் சங்கைக் கேட்டுத்தான். அண்ணனுடைய இரண்டு பையன்களுக்கும் சங்கு வைத்துத்தான் ஜாதகம். பெரியவன் காலைச் சங்குக்குக் கொஞ்சம் முந்தி, சின்னவன் மத்தியானச் சங்குக்குக் கொஞ்சம் பிந்தி. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்டால் அண்ணன் முறைப்பார்.

கடிகாரம் வாங்கிய அன்று சாயங்காலம் அதை முதலில் பார்த்தது நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அப்போது அவர் வயிற்றில் மூன்றாவது பிள்ளை, ஆறேழு மாதம். என் கையைப் பிடித்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். உள்ளே சக்கரம் தேயாமலிருக்கப் பதினைந்து கல் வைத்த கடிகாரம் என்று நாயுடு சொன்னதை நான் சொல்லப்போக, கல்லைக் காட்டு என்று திருப்பித் திருப்பித் தேடினார்.

அண்ணன் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கையில என்ன அது?"

"கெடியாரமுங்கண்ணா."

"தங்கமா?"

"உறை மட்டுந்தானுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, தங்கம் கையில் ஏறினால் அது நகைதான் என்றார். நேரம் பார்க்க வேண்டுமென்றால் பையில் வைத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கையில் கட்டினால் பேசுவார்கள். இந்த வீட்டில் நாளைக்கு ஒரு பெண் பிறக்கலாம், அவளையும் சேர்த்துப் பேசுவார்கள்.

நேரம் காட்டுகிற சாமான் எப்படி நகையாகும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் துரைசானியம்மாள்கள் எல்லோரும் கட்டுகிறார்கள் என்றேன். அவர்களுக்கு நம் ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று அண்ணன் கேட்டார்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தில் கட்டிக்கொள்ளலாம், ஊட்டுக்குள்ளே கூடாது. முருங்கை மரத்தடியில் ஜட்கா வந்து நிற்கும். அதில் ஏறிய பிறகு கட்டுவேன், இறங்குவதற்கு முன்னால் கழற்றுவேன். ராவுத்தர் குதிரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். கழற்றி வந்த பிறகும் மணிக்கட்டில் வார் பதிந்த தடம் இருக்கும். சோறு பிசையும்போது அந்தத் தடம் கண்ணில் படும். எனக்கு அதைப் பார்த்தாலே எழுந்து எங்காவது நடக்க வேண்டும் போல இருக்கும். முதல் தரமான கடிகாரத்தை வாங்கிவிட்டு அதைத் திருட்டுச் சாமான் போல மறைத்து வைக்கிறோமே என்று மனம் ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

நங்கைக்கு வலி கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கெல்லாம் லீவு. ஒரு சங்கும் ஊதாது.

நான் சமையற்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். பிரசவ வீட்டில் என்னைப் போன்றவள் குறுக்கே நடக்கக் கூடாது. அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். உட்காருவேன், எழுவேன், வெந்நீரைப் பார்ப்பேன், மறுபடி உட்காருவேன். உள்ளே நங்கை கத்துகிறபோதெல்லாம் என் கால் தானாக எழுந்துவிடும்.

பொழுது மேற்கே சாய்ந்த நேரம். அண்ணன் வந்து நிலைப்படியில் நின்றார். என்னைப் பார்க்காமல், நேரம் பார்க்க வேண்டுமே, அதைக் கொடு என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணருகே வைத்துப் பார்த்தார். கொட்டைப்பாக்கு அளவு முகத்தில் எண்ணும் கிடையாது, வெறும் கோடுகள்தான். மணி முள் எது, நிமிஷ முள் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளே மருத்துவச்சி சத்தம் போட்டாள், தலை தெரிகிறதாம்.

அண்ணன் கடிகாரத்தை என்னிடம் நீட்டினார்.

"நீயே கட்டிக்கிட்டு வந்து நில்லு, அம்மணி."

இந்த வீட்டுக்குள் நான் அதைக் கட்டிய முதல் நேரம் அது. அவசரத்தில் வார் ஓட்டைக்குள் ஊசி நுழையவில்லை. அண்ணனே நுழைத்துவிட்டார். பிரசவ அறைக் கதவு திறந்தது. வெளியே நின்று பார்த்துச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். மருத்துவச்சி கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். குழந்தை பூமியில் விழுந்ததும் அவள் தட்டினாள், அது அழுதது, நான் முள்ளைப் பார்த்தேன். பெற்றவளுக்கும் மருத்துவச்சிக்கும் அடுத்தபடி அந்தக் குழந்தை முழித்தது என் மூஞ்சியில்தான்.

பெண் குழந்தை. நிமிஷம் பிசகாமல் நேரம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் சரியான நேரத்தோடு பிறந்த முதல் பிள்ளை இதுதான் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில் அன்று சாயங்காலம் கடிகாரத்தைக் கழற்ற மறந்துபோனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயில்யம்

சில நாள் கழித்து ஜோசியர் வந்தார். நேரத்தைக் கேட்டார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார், விரலை மடக்கினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆயில்யம் என்றார்.

கேட்டதும் அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆயில்யத்துப் பெண் போகிற வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். மாமியார் இருக்கிற எந்த வீட்டிலிருந்தும் பெண் கேட்டு வர மாட்டார்கள். வந்து முடிந்து, அந்தக் கிழவிக்கு எண்பது வயதில் மூச்சு நின்றாலும் பழி இவள் தலையில் விழும்.

"சித்தெ நேரம் கழிச்சுப் பொறந்திருந்தா மகமுங்க" என்றார் ஜோசியர். "மகம்னா யோசிக்கவே வேண்டாமுங்க. கொஞ்சத்துல தவறிப்போச்சுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அந்த நேரம் செரிதானா, அம்மணி?"

யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்றுதான் மூன்று வருஷம் காசு சேர்த்து அந்தக் கடிகாரத்தை வாங்கினேன். நங்கை உள்கதவோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைமுடியை நீவிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது அப்பா ஞாபகம் வந்தது. மாடு கட்டியாயிற்று என்று ஜோசியரிடம் சொன்னபோது அவர் எப்படி நின்றிருப்பார் என்று தோன்றியது. பன்னிரண்டு வருஷக் கோபம் அந்த இடத்தில் என்னை விட்டுப் போயிற்று. தெரிந்தே சொல்லியிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அது பின்தங்குமுங்கண்ணா" என்றேன். "சங்கு கேட்டுத்தான் தெனமும் நேரா வெப்பனுங்க. ஞாயித்துக்கிழமை சங்கு ஊதலீங்களே."

அண்ணன் மூச்சை விட்டார். ஆனால் ஜோசியர் சுலபமான ஆள் இல்லை. இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் இருக்கிற விஷயம், வாய் வார்த்தையை நம்பி எழுத மாட்டேன், கடிகாரக் கடைக்காரர் பார்த்துச் சொன்னால் எழுதுகிறேன் என்று பஞ்சாங்கத்தை மடித்துவிட்டார்.

சின்ன முள்

மறுநாளே அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு நாயுடு கடைக்குப் போனார். மத்தியானம், கடையில் நல்ல கூட்டம். இது பின்தங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், எங்கள் ஊட்டுப் பிள்ளையின் ஜாதகம் இதில்தான் நிற்கிறது என்று அண்ணன் விஷயத்தை உடைத்தே சொல்லிவிட்டார்.

நாயுடு பின்மூடியைத் திறந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். ஒரு பார்வையில் சொல்ல முடியாதுங்க, இரண்டு நாள் வைத்திருந்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வகுப்பில் சொன்ன கணக்கையே திருப்பிச் சொன்னேன். வெறும் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நாயுடு எவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியும். கடிகாரம் சுத்தமாக ஓடுகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் பேச்சு பொய்யாகும், பெண்ணுக்கு ஆயில்யம் நிலைக்கும், என்றைக்காவது ஒரு மாமியார் ஒரு எழவு வீட்டில் எங்கள் அண்ணனைப் பார்த்து எதையாவது சொல்லுவாள்.

மூன்றாம் நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ராவுத்தர் கடைவீதிக்கு ஓட்டினார். நாயுடு அப்போதுதான் பலகைகளை எடுத்து வைத்துச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலப் படியில் நின்றேன்.

அவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார்.

"ரெண்டு நாளும் கூடவே வெச்சுப் பாத்தனுங்க அம்மணி. ஒரு இமை பெசகலீங்க. உங்கண்ணங்கிட்ட நான் என்னன்னு சொல்றதுங்க?"

நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"பொட்டப்புள்ளைங்க" என்றேன்.

அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். சாம்பிராணிப் புகையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, பின்மூடியைத் திறந்து, ஒரு ஊசி முனையால் அந்தச் சின்ன முள்ளை மெதுவாகத் தள்ளினார்.

"இனிப் பின்தங்குமுங்க. சங்குக்குச் சங்கு பாத்தா உங்கண்ணனுக்கே தெரியுமுங்க. ஜோசியருக்கு வேணும்னா நான் வந்தே சொல்றனுங்க."

நல்ல கடிகாரத்தை என் கண் முன்னால் கெடுத்துக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. எதற்காக என்று கேட்டால் கடிகாரத்துக்காகவும்தான்.

கூலி எவ்வளவு என்றேன். ஒரு ரூபாய் கொடுங்கள் என்றார். மடியிலிருந்து எடுத்து நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கடை அப்போதுதான் திறந்திருக்கிறது. வேறு யாரும் வரவில்லை. கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் ரூபாயை வாங்கிவிட்டார். வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். பழக்கத்தில் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ராவுத்தர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஜோசியர் மகம் என்று எழுதினார்.

கடிகாரம் என் கையை விட்டு இறங்கவில்லை. அண்ணன் கழற்றச் சொல்லவே இல்லை. மகளின் நட்சத்திரம் என் கையில் இருக்கிறது, அதைப் பையில் போடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், காசைக் கொட்டி ஒரு ஓட்டைக் கடியாரம் வாங்கி வைத்திருக்கிறாள் என்று என்னைக் கேலி பேசுவார். ஓட்டைக் கடியாரத்தை யாரும் நகை என்று சொல்லவில்லை. நானும் சிரித்துக்கொள்வேன். சாகும்வரை பேசிவிட்டுத்தான் போனார்.

அந்தப் பெண் சத்தியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டாள். நல்ல இடம், விசாரித்து வந்து கேட்டார்கள். மாமியார் இன்னும் இருக்கிறார், இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். நான் எழுதும் இது அச்சாகிற வாரப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கும் போகும். அந்த அம்மாள் இதைப் படித்துவிட்டு என்ன நினைத்தாலும் சரி, இனி ஒன்றும் செய்ய முடியாது.

அந்தச் சின்ன முள்ளை நடுவுக்குத் திருப்பி வைப்பது இரண்டு நிமிஷ வேலை என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் தொடவிடவில்லை. இன்றைக்கும் காலையில் சங்கு ஊதும்போது மணியை நேராக வைக்கிறேன். சாயங்காலத்துக்குள் அது பின்தங்கிவிடுகிறது.